வெள்ளையடித்த காய்ச்சல் ஆஸ்பத்திரி

வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்றேகால் மணிக்கு தாதர் ஸ்டேஷனில் இறங்கினேன். கோவில்பட்டியிலிருந்து சென்னைக்கு முந்நூற்றைம்பது மைல். அங்கிருந்து பம்பாய்க்கு எண்ணூறு மைலுக்குக் கொஞ்சம் குறைவு. இத்தனை தூரமும் மூன்றாம் வகுப்பு மரப்பலகையில் வந்தவனுக்கு, இறங்கின பிறகும் பிளாட்பாரம் ஆடிக்கொண்டுதான் இருக்கும். குண்டக்கல்லில் கண்ணில் விழுந்த கரித்தூள் ஷோலாப்பூர் வரைக்கும் உறுத்தியது. பூனாவில் கரி எஞ்சினைக் கழற்றிவிட்டு மின்சார எஞ்சினை மாட்டினார்கள். அதற்கப்புறம் மலையிறக்கம், வரிசையாகக் குகைகள். ஒவ்வொரு குகைக்குள் வண்டி நுழையும்போதும் பெட்டியிலிருந்த பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள். எதிர்ப்பலகையில் இருந்த ஜவுளி வியாபாரியும் அவர்களோடு சேர்ந்து கத்தினார்.

பம்பாய்க்கு எதற்குப் போகிறீர்கள் என்று அவர் என்னைக் கேட்டிருந்தார். ஒரு பாழடைந்த ஆஸ்பத்திரியைப் படம் எடுக்கப் போகிறேன் என்றேன். அவர் மெதுவாகத் தம் பெட்டியைக் கால்பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கோவில்பட்டியில் எனக்கு ஒரு போட்டோ ஸ்டூடியோ இருக்கிறது. ஊரில் கல்யாணம் நிச்சயமாகிற பெண்கள், பாஸ்போர்ட் வாங்கி சிலோனுக்குப் போகிறவர்கள், பல் முளைத்த குழந்தைகள் என்று எல்லோரும் என் திரைச்சீலைக்கு முன்னால் நின்றாக வேண்டும். அசையாதீர்கள், கண்ணைக் கொட்டாதீர்கள் என்று பதினாறு வருஷமாகச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. அதனால்தானோ என்னவோ, அசையாதே என்று சொல்லத் தேவையில்லாதவை மீது ஆசை வந்தது. எரிந்துபோன தீப்பெட்டி ஆபீஸ், கைவிட்ட பஞ்சுக் கிட்டங்கி, ஜமீன் குதிரை லாயம் எல்லாவற்றையும் எடுத்திருக்கிறேன். காரை பெயர்ந்த சுவரில் காலை வெயில் சாய்வாக விழும்போது அதற்கு ஒரு முகம் வந்துவிடும். அந்த முகத்தைப் பார்ப்பதில் எனக்கு அலுப்பே வந்ததில்லை.

மாட்டுங்காவில் இருக்கும் வெங்கட்ராமன் என்னோடு கல்லூரியில் படித்தவன். இன்ஷ்யூரன்ஸ் ஆபீஸ் உத்தியோகம், போட்டோவில் பைத்தியம். செம்பூரைத் தாண்டி தேவ்நார் போகிற வழியில் ஒரு பழைய காய்ச்சல் ஆஸ்பத்திரி இருக்கிறது என்று எழுதி, அதன் முன்சுவரைச் சின்னதாகப் படம் எடுத்தும் அனுப்பியிருந்தான். பிளேக் காலத்தில் பஞ்சு வியாபாரி ஒருவர் தர்மத்துக்குக் கட்டியது. யுத்தம் முடிந்ததும் மூடிவிட்டார்கள். வாரிசுகள் கோர்ட்டில் நிற்கிறார்கள், ஆகவே கட்டடமும் நிற்கிறது. அந்தச் சுவரில் பூச்சுக்கு மேல் பூச்சாக நீலம், பச்சை, காவி எல்லாம் உரிந்து உரிந்து செங்கல் வரைக்கும் தெரியும் என்று எழுதியிருந்தான். அதைப் படித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. டிசம்பரில் முகூர்த்தமும் இல்லாததால், கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

"டேய், நீ நிஜமாவே வந்துட்டியா? நான் சும்மா எழுதினேன்டா" என்றான் வெங்கட்ராமன், கதவைத் திறந்ததும். "ஆத்துல கேட்டா என்ன சொல்றது? இடிஞ்ச செவத்தப் பாக்க ஒருத்தன் ரெண்டு நாள் ரயில்ல வந்திருக்கான்னா என்னையும் சேத்துன்னா சந்தேகப்படுவா!"

சனிக்கிழமை சாயங்காலம் தாராவிக்குப் போனோம். மாட்டுங்காவிலிருந்து நடந்தே போய்விடலாம். காபிக்கொட்டை வறுக்கும் வாசனை முடிந்து தோல் பதனிடுகிற வாடை தொடங்கினால் தாராவி வந்துவிட்டது என்று அர்த்தம். அந்த ஆஸ்பத்திரிக்கு வாட்ச்மேன் ஆசீர்வாதம் என்பவர், நாசரேத் பக்கத்துக்காரர். முன்பு வெங்கட்ராமன் ஆபீசில் பியூனாக இருந்தவர். சனிக்கிழமைதோறும் கருவாடும் கருப்பட்டியும் வாங்க அங்கே வருவார். ஒரு கடை வாசலில் நின்று நெத்திலியைக் கையில் அள்ளி மோந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். காக்கிச் சட்டையின் பித்தளைப் பொத்தான்கள் பளபளவென்று இருந்தன. மூவரும் டீ குடித்தோம். ஒரு டீ பன்னிரண்டு நயா பைசா.

"அண்ணாச்சிக்கு எந்த ஊரு?" என்றார் என்னிடம்.

"கோவில்பட்டி."

"அப்ப நம்ம பக்கந்தான். ஆஸ்பத்திரியப் படம் எடுக்கவா இம்புட்டுத் தூரம் வந்திய?"

"ஆமா. ரொம்ப அழகா இருக்குன்னு இவன் எழுதியிருந்தான்."

அவர் டீயைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். கேலி செய்கிறேனா என்று பார்த்திருக்க வேண்டும். இல்லை என்று தெரிந்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "நாளைக்கு ஆராதனை முடிஞ்சு பதினோரு மணிக்கு வாங்க. எல்லாம் தயாரா இருக்கும்" என்றார்.

பதினோரு மணி படத்துக்கு ஆகாத நேரம், வெயில் உச்சிக்கு வந்துவிடும் என்று மனதுக்குள் முணுமுணுத்தேனே தவிர, ஒரு பாழடைந்த கட்டடத்தில் தயார் செய்ய என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் கிளம்பினேன். வெங்கட்ராமனை அவன் மனைவி ரேஷன் கடைக்கு அனுப்பிவிட்டாள். மாட்டுங்காவிலிருந்து குர்லா, அங்கே இறங்கி மாங்குர்த் வண்டி மாறி செம்பூர். ஸ்டேஷனிலிருந்து தேவ்நார் சாலையில் ஒன்றரை மைல் நடை. இரண்டு பக்கமும் புல்வெளி, எருமைகள், தூரத்தில் எண்ணெய் ஆலையின் புகைபோக்கி. பதினொன்று அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது கேட்டை அடைந்தேன். முதலில் மூக்குக்குத் தெரிந்தது. பச்சைச் சுண்ணாம்பு வாசனை. பிறகு கண்ணுக்கும் தெரிந்தது.

நீலமும் பச்சையும் காவியும் உரிந்து நின்ற அந்த முன்சுவர், மேலிருந்து கீழ்வரை வெள்ளை வெளேரென்று நின்றது. நடுவில் ஒரு காகித நட்சத்திரம் வேறு தொங்கியது.

ஆசீர்வாதம் கையெல்லாம் சுண்ணாம்புப் புண்ணோடு ஓடிவந்தார். "பாத்தியளா அண்ணாச்சி? கிறிஸ்மஸுக்கு அடிக்கதுக்குன்னு சுண்ணாம்பு வாங்கிப் போட்டிருந்தேன். வருசா வருசம் இருபத்து மூணாந்தேதி நாங்க பொழங்குத ரூமுக்கு மட்டுந்தான் அடிப்போம். ஊர்லேருந்து போட்டா புடிக்க ஆளு வருதாவன்னதும், அழுக்குச் செவுத்தையா காட்டன்னு நேத்தே ஆரம்பிச்சி வெள்ளென முடிச்சிட்டோம். நானும் எம்பொஞ்சாதியும் மவளும்."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. ஆயிரத்து நூறு மைல் தாண்டி வந்து, ஒரே ஒரு நாள் பிந்திவிட்டேன். அதுவும் எனக்காகவே அடித்திருக்கிறார்கள். அவர்கள் மூவரும் வரிசையாக நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நல்லா இருக்கு என்றேன். அந்த இரண்டு வார்த்தையைச் சொல்வதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"மொகம் வாடிப்போயிருக்கு. பசி போல" என்றாள் ஆசீர்வாதத்தின் மனைவி ரோசம்மாள்.

மருந்து கொடுக்கும் அறைதான் அவர்களுக்குச் சமையலறை. மருந்து வாங்கக் கைநீட்டும் சின்ன ஜன்னல் வழியாகவே சோற்றுத்தட்டு வெளியே வந்தது. ஆட்டுக்கறிக் குழம்பு, நெத்திலிப் பொரியல். இரண்டாம் தரம் சோறு வாங்கும்போது என் கோபத்தில் பாதி இறங்கிவிட்டது. மீதியை ஆசீர்வாதமே இறக்கினார்.

"ஒரு மன்னிப்புக் கேக்கணும் அண்ணாச்சி. சுண்ணாம்பு பத்தல. பின்னால இருக்க வார்டுகள அடிக்க முடியல. அங்கிட்டு எடுக்காண்டாம், அசிங்கமா இருக்கும்."

அவரைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. கையைக் கூடச் சரியாகக் கழுவாமல் பின்பக்கம் ஓடினேன்.

அன்று பிற்பகல் அங்கே நான் பார்த்ததைச் சொன்னால் வாசகர்கள் நம்ப வேண்டும். முன்சுவர் ஒன்றுமே இல்லை. ஒரு நீண்ட தாழ்வாரம், அதன் தரையில் இத்தாலியப் பூக்கல். கல் இடுக்கில் எல்லாம் பசும்புல் கோடு கிழித்திருந்தது. கைகழுவும் பீங்கான் தொட்டியில் அரசங்கன்று ஒன்று ஒய்யாரமாக வளர்ந்திருந்தது. மருந்து அலமாரியின் கண்ணாடிகளில் பாதி உடைந்து, மீதியில் ஆகாயம் தெரிந்தது. அறுவைச் சிகிச்சை அறையில் பெரிய விளக்கின் குடைக்குள் குருவி கூடு கட்டியிருந்தது. காய்ச்சல்காரர்கள் முனகிக் கிடந்த இடம்தான். ஆனால் அந்த முனகல் எல்லாம் போய், சுவர்கள் தூங்கி எழுந்த மாதிரி இருந்தன. மனிதன் கட்டியதை வெயிலும் செடியும் தங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்வதில் ஒரு நிதானம் இருக்கிறது. அது எனக்குப் பிடிக்கிறது. இரண்டு ரோல் தீர்ந்துபோனது தெரியவில்லை.

அவர்களுடைய மகள் கிரேஸ் என் பின்னாலேயே வந்துகொண்டிருந்தாள். இருபது, இருபத்தொரு வயதிருக்கும். குர்லாவில் பிஸ்கட் கம்பெனியில் வேலை. "ஒடஞ்ச தொட்டிய எதுக்கு மாமா எடுக்கீங்க? நல்ல தொட்டி எங்க கம்பெனியில இருக்கே" என்று கேட்டாள். அழகாக இருக்கிறது என்றேன். குனிந்து தொட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "எனக்குப் பழகிட்டு. அதான் தெரியல போல" என்றாள்.

நாலு மணிக்கு ஆசீர்வாதம் வந்து மெதுவாக விஷயத்தைச் சொன்னார். கிரேஸுக்கு ஒரு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருக்கிறார்கள். சாலமோன் என்று பெயர், உல்லாஸ்நகரில் அக்கா வீட்டில் இருக்கிறான், குர்லாவில் தகரப் பட்டறை வேலை. முதலில் பெண்ணின் போட்டோவைக் காட்ட வேண்டும். அந்த வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிறுத்தி ஒன்று எடுத்துத் தர முடியுமா? கேட்பதற்கு அவர் அவ்வளவு கூச்சப்பட்டார். எடுத்த அழுக்குச் சுவர்ப் படங்களுக்கெல்லாம் பரிகாரம் போல ஒரு நல்ல படம் இருக்கட்டும் என்று நானும் சம்மதித்தேன். நீலப் பட்டுச்சேலை, கையில் வேதப்புத்தகம், நட்சத்திரத்துக்குக் கீழே நிறுத்தினேன். அசையாதே, கண்ணைக் கொட்டாதே. ஆயிரம் மைல் தாண்டி வந்தும் அதே பல்லவிதான்.

எடுத்து முடிந்ததும் ஆசீர்வாதம் எருமைகளை விரட்ட வாசல் கேட் பக்கம் போனார். கிரேஸ் என் அருகில் வந்தாள்.

"மாமா, நான் படுக்குத வார்டுல வச்சி இன்னொண்ணு எடுங்க. மாப்பிள்ள வீட்டுக்கு அதத்தான் அனுப்பணும்."

"ஏன்மா?"

"போன வருசம் தாராவியிலேருந்து ஒரு எடம் வந்துச்சி. அப்பா, கம்பெனி குவார்ட்டர்ஸ்னு சொல்லி வச்சிருந்தாவ. நிச்சயத்துக்கு வந்த பொறவுதான் அவியளுக்கு மாலூம் ஆச்சி, காய்ச்சல் ஆஸ்பத்திரின்னு. பந்தியில இருந்து எந்திச்சிப் போயிட்டாவ. சீக்குப் புடிச்ச எடத்துல வளந்த புள்ள வேண்டாம்னு. எங்கம்மா ஒரு மாசம் கோயிலுக்கே போவல. இந்தத் தடவையும் அப்பா குவார்ட்டர்ஸ்னுதான் சொல்லியிருக்காவ." சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்: "வேண்டாம்னு சொல்லுதவன் மொதல்லயே சொல்லிட்டுப் போவட்டும். சோத்துல கைய வச்சிட்டு எந்திரிக்க வேண்டாம்."

எனக்குச் சங்கடமாகிவிட்டது. அந்த வார்டைச் சாப்பிட்ட கையோடு போனபோதே பார்த்து வைத்திருந்தேன். மேற்கு மூலையில் ஓடு சரிந்து, அந்த வழியாக இறங்கும் வெயில் வரிசையாகக் கிடக்கும் இரும்புக் கட்டில்கள் மேல் விழும். அங்கே ஓர் ஆள் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று மனதில் கணக்குப் போட்டும் வைத்திருந்தேன். இப்போது அவளுக்காக எடுக்கப் போகிறேனா, என் ஆசைக்காகவா? அவளுடைய கல்யாணத்தில் என் பைத்தியத்தைக் கலக்கலாமா?

ரோசம்மாள் சமையலறை ஜன்னலுக்குள்ளிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. "அவ சொல்லுதபடி எடுங்க அண்ணாச்சி" என்றாள். "அவ அப்பாகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

கிரேஸ் பட்டுச்சேலையை மாற்றிவிட்டு, வேலைக்குப் போகிற வாயில் சேலையில் வந்தாள். தான் படுக்கிற கட்டிலில் உட்கார்ந்தாள். பின்னால் உரிந்த சுவர், அதில் மங்கிப்போன கட்டில் எண்கள், மேலிருந்து சாய்ந்து இறங்கும் வெயில். அசையாதே என்று நான் சொல்லவில்லை. சொல்லாமலே அவள் என்னை நேராகப் பார்த்தாள். மூன்றாவது ரோலில் கடைசிப் படம் அது.

திங்கட்கிழமை சாயங்காலம் வெங்கட்ராமன் வீட்டுக் குளியலறையில் கழுவினோம். கதவிடுக்கில் கம்பளியை அடைத்து, வாளிகளை மருந்துத் தொட்டியாக்கி, அவன் மனைவியிடம் வசவு வாங்கிக்கொண்டு வேலை நடந்தது. கட்டிலில் உட்கார்ந்திருந்த கிரேஸின் முகம் தொட்டியில் மெதுவாக எழுந்து வந்தபோது வெங்கட்ராமன் குனிந்து பார்த்தான். "வெள்ளைச் செவத்துல நிக்கறவ யாரோ ஒரு பொண்ணு. இது இவதான்டா" என்றான்.

செவ்வாய்க்கிழமை இரண்டு படங்களையும் கொண்டுபோய் ஆசீர்வாதத்திடம் கொடுத்தேன். வெள்ளைச் சுவர்ப் படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மற்றதைப் பார்த்ததும் முகம் கறுத்துவிட்டது.

"இத எவன் பாப்பான் அண்ணாச்சி? துருப்புடிச்ச கட்டில்ல எம்மவள உக்கார வச்சி எடுத்திருக்கீய. உங்களுக்கு வேண்ணா இது அழகா இருக்கும். அவளுக்கு வாழ்க்க."

அவர் சொன்னது நியாயமாகவே பட்டது. கிரேஸ் வேலைக்குப் போயிருந்தாள். ரோசம்மாள்தான் இரண்டு படங்களையும் ஒரே உறையில் போட்டு அவர் சட்டைப்பைக்குள் வைத்தாள். "ரெண்டும் ஓம்மவதான். கொண்டு போயிட்டு வாரும்" என்றாள். அதற்கு மேல் அங்கே நிற்க எனக்குத் தைரியம் இல்லை.

புதன்கிழமை மாட்டுங்காவில் சும்மா சுற்றினேன். கோயிலுக்குப் போனேன், பூக்கடைகளைப் பார்த்தேன், மனைவிக்கு ஒரு சேலை வாங்கினேன். எதிலும் மனம் ஒட்டவில்லை. அந்தப் பெண் கேட்டாள் என்பது உண்மை. ஆனால் அவள் கேட்காவிட்டால் நானே கேட்டிருப்பேன் என்பதும் உண்மை. இடிந்ததை அழகு என்று சொல்லிக்கொண்டு திரிகிறவன், அதற்குள் குடியிருக்கிறவர்கள் காரியத்தில் கையை வைக்கலாமா என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டேன்.

வியாழக்கிழமை இரவு வண்டி. தாதரில் ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்துவிட்டேன். வெங்கட்ராமன் வாழைப்பழம் வாங்கப் போயிருந்தான். கூட்டத்துக்குள் பித்தளைப் பொத்தான்கள் மின்னின. ஆசீர்வாதம் ஒவ்வொரு ஜன்னலாகக் குனிந்து பார்த்துக்கொண்டு வந்தார். என்னைக் கண்டதும் கம்பியைப் பிடித்துக்கொண்டார். மூச்சு வாங்கியது.

"நேத்து உல்லாஸ்நகர் போயிட்டு வந்தேன் அண்ணாச்சி."

"என்ன சொன்னாங்க?"

"வெள்ளச் செவுத்துப் படத்தத்தான் எடுத்து சாலமோன்கிட்ட குடுத்தேன். பாத்தான். நல்லா இருக்குன்னான். உறைக்குள்ள இன்னொண்ணு இருக்கே, அது என்னன்னு கேட்டான். ஒண்ணுமில்லன்னு சொல்ல வாயெடுத்தேன். வரல. குடுத்துட்டேன். குவார்ட்டர்ஸ் இல்ல தம்பி, காய்ச்சல் ஆஸ்பத்திரி, அங்கதான் பன்னெண்டு வருசமா இருக்கோம்னு எல்லாத்தையும் சொல்லிட்டேன். அவன் அக்கா எந்திச்சி உள்ள போயிட்டா."

"அவன்?"

"அவன் படத்த வச்சிப் பாத்துக்கிட்டே இருந்தான். பொறவு கேக்கான், மேல ஓடு இல்லியே, மழை பெஞ்சா இந்தப் புள்ள எங்க படுக்கும்னு." ஆசீர்வாதம் தலையைத் திருப்பிக்கொண்டு துண்டால் முகத்தைத் துடைத்தார். "ஒவ்வொரு மழைக்கும் அந்தக் கட்டில எங்கிட்டு இழுத்துப் போடன்னுதான் எங்களுக்கு ராத்திரி பூரா சோலி. இதுவரைக்கும் எங்கிட்ட ஒருத்தனும் அதக் கேட்டதில்ல அண்ணாச்சி. ஞாயித்துக்கெழம பட்டறையிலேருந்து நாலு தகரம் கொண்டுக்கிட்டு வாரேன்னு சொல்லிட்டான். அக்காளையும் கூட்டிக்கிட்டு வாரானாம்."

வண்டி நகர்ந்தது. அவர் கூடவே நாலு எட்டு நடந்துவந்து, கம்பியை விட்டுவிட்டுக் கையை உயர்த்தினார். வாழைப்பழத்தோடு ஓடிவந்த வெங்கட்ராமன் பழச்சீப்பை ஜன்னல் வழியாக என் மடியில் எறிந்தான்.

கல்யாண் தாண்டும்வரை எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த ஓட்டைக்குக் கீழே ஒரு மணி நேரம் நின்று வெளிச்சத்தை அளந்தவன் நான். மழை என்று ஒன்று இருப்பது எனக்கு நினைவுக்கு வரவில்லை. தகரப் பட்டறைக்காரன் ஒருவன் படத்தைக் கையில் வாங்கினதும் கேட்டுவிட்டான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் அந்த மூலையை அடைத்துவிடுவார்கள். அந்த வெயில் இனிமேல் அந்தக் கட்டிலில் விழாது, வேறு எந்த போட்டோக்காரன் போனாலும் அவனுக்குக் கிடைக்காது. நல்ல வெளிச்சம் ஒன்று போகப் போகிறதென்று தெரிந்து இவ்வளவு சந்தோஷமாக நான் எந்த ஊரிலிருந்தும் திரும்பியதில்லை.